டிபெர்சனலைசேஷன்

கண்ணாடியில் தெரிகிற முகம் யாருடையதோ என்றிருக்கும். பேசுவது நம் குரல்தான், ஆனால் தூரத்தில் கேட்கும். லத்தீனில் ‘பெர்சோனா’ நாடக முகமூடி. பிறகு ஆளையே குறித்தது. அந்த ஆள்தன்மை கழன்றுபோன உணர்வுக்கு இப்பெயரை 1898இல் உளவியலுக்குள் கொண்டுவந்தவர் பிரான்சின் லுடோவிக் துகா.

பெரும்பாலும் இதைக் கிளப்பிவிடுவது பதற்றம். டேனிஷில் அது ‘அங்ஸ்ட்’, வேர்ப்பொருள் ஒடுக்கம். நம் ‘நெருக்கடி’யிலும் அதே இறுக்கம். 1844இல் அங்ஸ்ட் பற்றியே நூல் எழுதினார் டேனிஷ் தத்துவவாதி கீர்க்ககார்ட். ஈழப்போருக்குத் தப்பிய தமிழர் குடியேறிய கிரின்ஸ்டெட்டும் அதே டென்மார்க்கில்தான் இருக்கிறது. போரும் புலப்பெயர்வும் கண்டவர்களிடம் இந்த விலகல் தோன்றினால் வியப்பில்லை. அதைப் ‘பைத்தியம்’ என்று சொல்லி ஒருவரை வாயடைக்க வைப்பது பெருங்கொடுமை. ஏனெனில் ‘இப்படித் தோன்றுகிறதே தவிர, உண்மையில் அப்படியில்லை’ என்ற தெளிவு அவரிடம் இருக்கிறது.

‘இன்னும் இருக்கிறதா?’ என்று அடிக்கடி சோதிக்காதீர்கள். சோதனை பதற்றத்தை ஏற்றும், பதற்றம் விலகலை ஏற்றும். குளிர்ந்த நீரில் கையை நனையுங்கள். மூச்சை மெதுவாக வெளிவிடுங்கள். கையில் இருக்கிற வேலையைத் தொடருங்கள். நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். டென்மார்க்கில் உளவியல் சிகிச்சைக்கு அவர்தான் வழக்கமான முதல் வாசல்.