சமச்சீரின்மை

சமச்சீரின்மை (பெ.): நடுக்கோட்டின் இருபுறமும் அளவிலோ வடிவிலோ ஒவ்வாதிருக்கும் நிலை.

வடசொல்லான ‘சமம்’, ஒழுங்கைக் குறிக்கும் ‘சீர்’, ‘இல்’ என்னும் எதிர்மறை அடியிற் பிறந்த ‘இன்மை’ ஆகியவை கூடி இச்சொல் அமைந்தது. எடையிட்டு ஆராய்வதைச் ‘சீர்தூக்குதல்’ என்னும் வழக்கு, சீர் என்பதனுள் அளவைப் பொருளும் உறைவதைக் காட்டுகிறது.

செஞ்சியை அடுத்த தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த சத்துருமல்லேசுவராலயம் என்னும் குடைவரைக் கோயில், கட்டடக்கலையில் சமச்சீரின்மைக்குத் தெளிவான சான்றாகும். தெற்கு நோக்கிய முகப்பில் தூண்களும் மகர தோரணமும் இரு ஓரத்து வாயிற்காவலரும் நடுக்கோட்டுக்கு ஒத்து நிற்க, கருவறையோ அவ்வச்சில் அமையாமல் மேற்குப் பக்கத்தில் கிழக்கு நோக்கி அமைந்துள்ளது.

மருத்துவத்தில் ‘தாடைச் சமச்சீரின்மை’ என்பது கீழ்த்தாடையின் இரு பாதிகள் நீளத்திலோ உயரத்திலோ வேறுபடுவதாகும். அறுவைக்குத் திட்டமிடுவோர், முப்பரிமாண சி.டி. படத்தில் மூக்கின் வேர், மண்டையோட்டு அடித்தளம் ஆகியவற்றின் புள்ளிகள் வழியே நடுத்தளம் ஒன்றை வரையறுத்து, மோவாய் எலும்பின் கீழ்நுனி அதனின்று எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்பதையும், காதருகே உள்ள மூட்டுமுனையிலிருந்து தாடைக் கோணம் வரையுள்ள உயரம் இருபுறமும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் அளக்கின்றனர். தட்டையான எக்ஸ்ரே படத்தில் தலை சற்றே திரும்பியிருந்தாலும் பொய்யான விலகல் தோன்றக்கூடும் என்பதால், முப்பரிமாண அளவீடே நம்பகமானது.

எந்த முகமும் முழுச் சமச்சீர் உடையதன்று. ஆகவே இகழ்ச்சி தொனிக்கும் ‘கோணல்’ என்பதை விடுத்து, அளந்தறியத்தக்க நிலையைச் சுட்டும் இச்சொல்லையே மருத்துவ எழுத்தில் ஆளுதல் தகும்.