சோவியத் கிராமங்களின் கொல்லைத் தோட்டங்கள்: கோழியும் ஆப்பிள் மரமும்

சோவியத் ஒன்றியத்தின் கூட்டுப்பண்ணைக் கிராமங்களில், ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டையொட்டி வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட சிறு நிலம் துணைப் பண்ணை என்று அழைக்கப்பட்டது. நிலம் அரசுக்கே சொந்தம்; அதில் விளைவது மட்டும் குடும்பத்துக்கு உரியது. உருளைக்கிழங்குப் பாத்தி, ஒரு பசு, சில கோழிகள், நாலைந்து ஆப்பிள் மரங்கள் என்பதே அதன் வழக்கமான தோற்றம். அளவில் சிறியதானாலும் கோடிக்கணக்கான மக்களைப் பஞ்சத்திலும் போரிலும் உயிரோடு வைத்திருந்தது இந்தக் கொல்லைதான். இதில் கோழியின் வரலாறும் பழமரத்தின் வரலாறும் ஒன்றாகத் தொடங்கினாலும் வெவ்வேறு வழிகளில் சென்றன.

கூட்டுப்பண்ணையும் கோழிக் கணக்கும்

1929 இன் இறுதியில் விவசாயிகளைக் கூட்டுப்பண்ணைகளில் சேர்க்கும் இயக்கம் தீவிரமடைந்தது. பல ஊர்களில் உழவு மாடு, குதிரை ஆகியவற்றோடு நிற்காமல் வீட்டுக் கோழிகளையும் பொதுச் சொத்தாக எழுதிக்கொண்டனர். பொதுவில் சேர்ப்பதைவிட அறுத்துத் தின்பதே மேல் என்று பலர் முடிவு செய்தனர். 1929 முதல் 1933 வரையிலான காலத்தில் நாட்டின் மாடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

1930 மார்ச் 2 அன்று பிராவ்தா நாளிதழில் வெளியான கட்டுரையில், இந்த வரம்பு மீறலுக்கு உள்ளூர் அதிகாரிகளே காரணம் என்று ஸ்டாலின் பழி சுமத்தினார். வீட்டுக் கோழிகளைப் பதிவு செய்வதை அவர் கேலி செய்தார். சிறு காய்கறித் தோட்டம், சிறு பழத்தோட்டம், குடியிருப்பு, கோழி ஆகியவை பொதுவுடைமை ஆக்கப்படவில்லை என்றும் விளக்கினார். கோழியும் பழமரமும் ஒரே பட்டியலில் குடும்பத்திடம் திரும்பி வந்தது இவ்வாறே.

1935 பிப்ரவரியில் ஏற்கப்பட்ட கூட்டுப்பண்ணை மாதிரி விதிகள் இந்த உரிமைக்கு அளவு வகுத்தன. குடும்பத்துக்குக் கால் ஹெக்டேர் முதல் அரை ஹெக்டேர் வரை நிலம். சில மாவட்டங்களில் மட்டும் ஒரு ஹெக்டேர். தானியம் விளையும் பகுதிகளில் ஒரு பசு, இரண்டு கன்றுகள், ஒரு தாய்ப்பன்றி, பத்து வரை ஆடுகள், இருபது வரை தேன்கூடுகள் என்று வரம்பு இருந்தது. கோழிக்கும் முயலுக்கும் மட்டும் எண்ணிக்கை வரம்பு விதிக்கப்படவில்லை.

கொல்லையின் பொருளாதாரம்

கூட்டுப்பண்ணையில் செய்த வேலை உழைப்பு நாள் என்னும் அலகால் கணக்கிடப்பட்டது. அரசுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தி, விதைக்கும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதே உழைப்பு நாட்களுக்கு ஏற்பப் பிரித்துத் தரப்பட்டது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பல பண்ணைகளில் அந்தப் பங்கு மிகச் சிறிது. பணமாக ஏறக்குறைய ஒன்றும் கிடைக்கவில்லை. ஊரைவிட்டுப் போவதும் எளிதன்று. நகரவாசிகளுக்குத் தரப்பட்ட உள்நாட்டுக் கடவுச்சீட்டு, கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்குப் பொது உரிமையாக்கப்பட்டது 1974 ஆம் ஆண்டின் ஆணைக்குப் பிறகே.

எனவே வரி கட்டவும், உப்பும் செருப்பும் மண்ணெண்ணெயும் வாங்கவும் பணம் தந்தது கொல்லை மட்டுமே. 1932 இல் அனுமதிக்கப்பட்ட கூட்டுப்பண்ணைச் சந்தைகளில் விவசாயிகள் முட்டை, பால், ஆப்பிள், வெங்காயம் ஆகியவற்றைத் தம் விருப்ப விலைக்கு விற்கலாம். அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது. கோழியை அடைக்கு வைப்பதும், முட்டையைக் கூடையில் அடுக்கிச் சந்தைக்குக் கொண்டுபோவதும் அவர்களே.

அடைக்கோழியும் பொரிப்பு நிலையமும்

கொல்லையில் குஞ்சு பொரிப்பது முதலில் அடைக்கோழியின் வேலையாக இருந்தது. வசந்தத்தில் குளிர் தணிந்ததும், அடைக்கு அமரும் கோழியைத் தேர்ந்து வைக்கோல் பரப்பிய கூடையில் முட்டைகளோடு உட்காரவைப்பர். கோழி முட்டை பொரிய 21 நாள், வாத்து முட்டைக்கு ஏறத்தாழ 28 நாள். சில நாள் கழித்து முட்டையை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்துக் கருப்பிடிக்காதவற்றைக் கூமுட்டை என்று ஒதுக்கிவிடுவார்கள். குளிர்காலம் நீண்ட அந்நாட்டில் பொரிப்புக் காலம் குறுகியது. தாமதமாகப் பொரிந்த குஞ்சு, பனிக்காலத்துக்கு முன் வளர்ந்து தேறாது.

1930 களில் மாவட்டந்தோறும் பொரிப்பு நிலையங்கள் எழத் தொடங்கின. அங்கு இயந்திரப் பெட்டிகளில் 37.5 பாகை செல்சியஸ் அளவில் வெப்பமும் போதிய ஈரப்பதமும் காத்து, முட்டைகளை அவ்வப்போது திருப்பி ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தனர். கூட்டுப்பண்ணைகளுக்குக் கொடுத்தது போக, ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைக் கிராமத்தவருக்கும் விற்றனர்.

இனத் தேர்வும் இதே திசையில் சென்றது. இத்தாலிய மரபுக் கோழியான லெகார்னை உள்ளூர்க் கோழிகளுடன் கலந்து உருவாக்கிய ரஷ்ய வெள்ளை இனம், 1953 இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. அது முட்டை நிறைய இடும். அடைக்கு அமரும் இயல்பு குறைவு. ஆகவே இவ்வகைக் கோழி வளர்த்த வீடு, அடுத்த தலைமுறைக் குஞ்சுக்குப் பொரிப்பு நிலையத்தையே நாட வேண்டியதாயிற்று. முட்டை பெருகியது; அதனோடு கொல்லையின் தற்சார்பு ஒரு படி குறைந்தது.

குளிரைத் தாங்கும் ஆப்பிள்

மத்திய ரஷ்யாவின் கொல்லைகளில் பழமரம் என்றாலே பெரும்பாலும் அந்தோனோவ்கா ஆப்பிள். புளிப்பும் மணமும் மிக்க இப்பழம் ஊறவைக்கவும் பாகு காய்ச்சவும் உலர்த்தவும் ஏற்றது. கடுங்குளிரைத் தாங்குவதால், இதன் விதையிலிருந்து வளர்த்த கன்றுகள் பிற வகைகளை ஒட்டுக்கட்ட வேர்க்கன்றாகவும் பயன்பட்டன.

கோஸ்லோவ் நகரில் தோட்டம் வைத்திருந்த இவான் மிச்சூரின் (1855–1935), தென்பகுதியின் இனிப்பு வகைகளைக் குளிர் தாங்கும் ஆசிய வகைகளுடன் கலந்து புதிய ஆப்பிள்களை உருவாக்கினார். 1932 இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அந்நகருக்கு மிச்சூரின்ஸ்க் என்று பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் 1939–40 குளிர்காலத்தின் உறைபனி மத்திய ரஷ்யாவில் பெரும் எண்ணிக்கையில் மரங்களைக் கொன்றது. சைபீரியாவில் ஆப்பிள் மரத்தைத் தரையோடு படரும்படி வளைத்து வளர்க்கும் முறை பரவியது. அங்கே பனிப்போர்வையே மரத்துக்குக் காப்பு.

வரியும் கோடரியும்

1939 செப்டம்பரில் வந்த விவசாய வரிச் சட்டம், கொல்லையில் உள்ள பசு, ஆடு, காய்கறிப் பாத்தி, பழத்தோட்டம் ஒவ்வொன்றிலிருந்தும் இவ்வளவு வருமானம் வரும் என்று முன்கூட்டியே ஒரு தொகையைக் குறித்தது. வருமானக் கணக்கு உயர உயர வரி விகிதமும் ஏறியது. போருக்குப் பிறகு, 1948 முதல் 1952 வரை, இந்தச் சுமை பலமுறை கூட்டப்பட்டது. அத்துடன் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை மிகக் குறைந்த விலைக்கு அரசுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டும். கோழி இல்லாத வீடும் முட்டையை வெளியில் வாங்கியாவது செலுத்த நேர்ந்தது.

இங்குதான் கோழிக்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாடு வெளிப்பட்டது. கோழி ஆறு மாதத்தில் முட்டையிடும். சுமை கூடினால் அறுக்கலாம். குறைந்தால் அடுத்த வசந்தத்தில் மீண்டும் குஞ்சு இறக்கலாம். ஆப்பிள் மரம் காய்க்கவே பல ஆண்டுகள் ஆகும்; காய்த்தாலும் ஓராண்டு குலுங்கி மறு ஆண்டு ஓய்வெடுக்கும். வரி அந்த ஓய்வைக் கணக்கில் கொள்ளவில்லை. எனவே பல ஊர்களில் விவசாயிகள் தம் மரங்களைத் தாமே வெட்டினர். வரி தாளாமல் தன் ஆப்பிள் மரங்களை வெட்டப்போவதாக உறவுப் பெண் ஒருவர் தம்மிடம் சொன்னதைக் குருசேவ் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மாலென்கோவ் அறிவித்த மாற்றத்தால் வரி சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. பழைய நிலுவைகள் தள்ளுபடி செய்யப்பட்டன. வரி இனி நிலத்தின் பரப்புக்கு மட்டுமே. அதில் என்ன நட்டாலும் ஒரே விகிதம். மரம் நடுவது மீண்டும் நட்டமில்லாத செயலாயிற்று. 1958 ஜனவரி முதல் கொல்லைப் பொருட்களின் கட்டாயக் கொள்முதலும் நீக்கப்பட்டது. எனினும் வெட்டிய மரத்தை ஆணை திருப்பித் தரவில்லை. புதுக்கன்று காய்க்கும்வரை அக்குடும்பங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நகரத்தார் தோட்டங்கள்

1949 பிப்ரவரி ஆணை, தொழிலாளரும் அலுவலரும் நகருக்குள் 600 சதுர மீட்டர் வரையும், வெளியே 1,200 சதுர மீட்டர் வரையும் தோட்டம் வைத்துக்கொள்ள வழி செய்தது. பின்னாளில் ஆறு சோத்கா, அதாவது 600 சதுர மீட்டர், என்பதே அத்தகைய தோட்டத்தின் பெயராகிவிட்டது. அங்கு ஆப்பிளும் நெல்லி போன்ற புதர்ப்பழங்களும் முதன்மை பெற்றன.

நகரங்களில் வீட்டு விலங்கு வளர்ப்போருக்கு வேறு நெருக்கடி வந்தது. கடை ரொட்டி தீவனத்தைவிட மலிவாக இருந்ததால் பலர் அதையே கோழிக்கும் பன்றிக்கும் போட்டனர். 1956 ஆகஸ்டில் அரசு அதைத் தடை செய்தது. 1964 செப்டம்பரில் முட்டையையும் கோழி இறைச்சியையும் தொழிற்சாலை முறையில் உற்பத்தி செய்ய ஆணை பிறந்தது. 1960 இல் நாட்டின் முட்டைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தனியார் கொல்லைகளிலிருந்து வந்தது. 1980 இல் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. கூண்டுக் கோழிக்கு அத்தகைய பண்ணைகள் எழுந்தன. பழத்திலோ கொல்லையின் இடம் அவ்வளவு எளிதில் பறிபோகவில்லை.

பிற்காலமும் முக்கியத்துவமும்

1977 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு துணைப் பண்ணையை வெளிப்படையாக ஏற்றது. சோவியத் ஒன்றியம் 1991 இல் கலைந்து, சம்பளம் மாதக்கணக்கில் நின்றுபோன காலத்தில் மக்கள் மீண்டும் கொல்லைக்கே திரும்பினர். 1990 களின் பிற்பகுதியில் ரஷ்யாவின் வேளாண் உற்பத்தியில் பாதிக்கும் மேல் வீட்டு நிலங்களிலிருந்து வந்தது; உருளைக்கிழங்கில் அந்தப் பங்கு பத்தில் ஒன்பதைத் தாண்டியது. 2003 இல் துணைப் பண்ணைக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

சிறு நிலத்தில் குடும்பம் தன் உழைப்பைக் கொட்டியது என்பதோடு இவ்வரலாறு முடிவதில்லை. ஆட்சியின் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கையின் அளவுகோலாகவும் கொல்லை இருந்தது. நாளை என்ன ஆகுமோ என்ற அச்சத்திலும் மக்கள் கோழி வளர்த்தனர். தான் நட்டதைத் தானோ தன் பிள்ளையோ பறிக்கலாம் என்று தோன்றிய ஆண்டுகளில்தான் ஆப்பிள் கன்று நட்டனர்.