பெங்களூரு மாநகராட்சித் தேர்தல்: முடிவு அறிவிப்பு

பெங்களூரு மாநகராட்சித் தேர்தலை நடத்தி வந்தது கர்நாடக மாநிலத் தேர்தல் ஆணையம். எண்ணும் மேசையில் வாக்கு எந்திரத்தின் முத்திரையை முகவர்கள் சரிபார்த்த பிறகே ‘ரிசல்ட்’ பொத்தான் அழுத்தப்பட்டது. சுற்றுகள் முடிந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவை அறிவித்து, வென்றவரிடம் சான்றிதழைக் கொடுப்பார். அதன்பின் முடிவை எதிர்க்கத் தேர்தல் மனு ஒன்றே வழி (அரசியலமைப்பு, உறுப்பு 243 இசட்ஜி).

இந்த மாநகராட்சியின் கடைசித் தேர்தல் 2015 ஆகஸ்ட் 22இல் நடந்தது. முடிவு 25ஆம் தேதி வெளியானது. 198 வார்டுகளில் பாஜக 100, காங்கிரஸ் 76, மதச்சார்பற்ற ஜனதா தளம் (மஜத) 14. ஓசூர் சாலையை ஒட்டிய ஹொங்கசந்திராவில் போட்டியே இல்லை. நூறு சான்றிதழ் கையில் இருந்தும் பாஜகவுக்கு மேயர் பதவி கிட்டவில்லை. மேயர் தேர்தலில் எம்எல்ஏ, எம்பிக்களும் வாக்களித்ததால் காங்கிரஸ்–மஜத கூட்டணி வென்றது. விதிப்படி சரிதான், வாக்காளருக்குத்தான் விளங்கவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியின் தொழிற்பகுதி இந்த 198 வார்டுக் கணக்கில் சேராது. 2013 முதல் அது தனித் தொழில் நகரியம் (எல்சிட்டா). சொத்து வரி வசூலிக்கும் இந்த அமைப்புக்கு வார்டுத் தேர்தல் கிடையாது.

2015இல் தேர்வான மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10இல் முடிந்தது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது.