ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு விமானம்

ஒரு புகைப்படத்தை உங்கள் கையில் கொடுத்து, "இதிலுள்ள விமானம் எது?" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? தெரிந்த விமானங்களின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். ஆனால், படத்திலிருப்பது அதுவரை வெளியுலகம் கண்டிராத விமானமாக இருந்தால்? ஒப்பிட எதுவும் இராது. பெயர் இராது. அது விமானம்தானா என்பதே ஐயமாக இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ஒரு பெண்மணி இத்தகைய புதிர்களை விடுவித்தார். அவர் கையாண்ட கணக்கு உங்களுக்குப் புதிதன்று; பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தாம்!

அவர் பெயர் கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித். போருக்கு முன் விமானப் பத்திரிகை ஒன்றில் கட்டுரைகள் எழுதி வந்தவர். போர் மூண்டபின் விமானப் படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். தேம்ஸ் நதிக்கரையில் மெட்மென்ஹாம் என்னும் ஊரில், ஒரு பெரிய மாளிகையில் புகைப்பட ஆய்வு நிலையம் இயங்கி வந்தது. எதிரியின் விமானங்களை அடையாளம் காணும் பிரிவுக்கு அங்கே அவர் தலைவராக இருந்தார். ஆயுதம் ஏதுமின்றி மிக உயரத்தில் பறந்து சென்ற ஸ்பிட்ஃபயர், மஸ்கீட்டோ விமானங்கள் எடுத்து வந்த படங்கள் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தன.

படத்தை அளப்பது எப்படி?

காமிராவின் குவியத் தூரத்தை, அது பறந்த உயரத்தால் வகுத்தால் படத்தின் அளவுத் திட்டம் கிடைத்துவிடும். 36 அங்குலக் குவியத் தூரமுள்ள லென்ஸ், 30,000 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 30,000 அடி என்பது 3,60,000 அங்குலம். எனவே அளவுத் திட்டம் 10,000-இல் ஒரு பங்கு. தரையில் 10 மீட்டர் நீளமுள்ள பொருள் படத்தில் வெறும் 1 மில்லிமீட்டர்!

இவ்வளவு சிறிய உருவத்தைக் கொண்டு என்ன அறியலாம்? இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை உள்ள வீச்சை உருப்பெருக்கியின் உதவியால் அளக்கலாம். நிழலின் நீளமும், படம் எடுத்த நேரத்தில் சூரியன் இருந்த கோணமும் தெரிந்தால் பொருளின் உயரத்தைக் கணக்கிடலாம். சில விநாடி இடைவெளியில் எடுத்த இரு படங்களை ஸ்டீரியோஸ்கோப் வழியாக ஒருசேரப் பார்த்தால் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். நம் இரு கண்களும் சற்றே வேறுபட்ட இடங்களிலிருந்து பார்ப்பதால் ஆழம் புலப்படுகிறதல்லவா? அதே தத்துவம்தான் இது.

பெயர் தெரியாத விமானத்துக்கு அவர்கள் பெயர் வைத்த முறை மிக எளியது. கண்ட இடம், அதையடுத்து அடிக்கணக்கில் இறக்கை வீச்சு. அவ்வளவே. தெரிந்ததை மட்டும் சொல்லும் பெயர்!

வால் இறக்கை இல்லாத விந்தை

பால்டிக் கடலோரத்தில் பீனமுண்ட என்னும் இடத்தில் ஜெர்மானியர் இரகசிய ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்திருந்தனர். 1943 ஜூன் 23 அன்று எடுத்த படத்தில், அங்குள்ள விமானத் தளத்தில் நான்கு சிறிய விமானங்களைப் பாபிங்டன் ஸ்மித் கண்டார். அவற்றுக்கு வாலில் படுக்கை இறக்கை இல்லை. வீச்சு சுமார் 30 அடி. "பீனமுண்ட 30" என்று பெயரிட்டார். அதுவே மெஸ்ஸெர்ஷ்மிட் 163, ராக்கெட்டால் இயங்கும் போர் விமானம். அதன் உண்மையான வீச்சு 9.3 மீட்டர், அதாவது முப்பதரை அடி. அளவு எவ்வளவு சரியாக இருந்தது பாருங்கள்!

விமானம் மட்டுமன்று, தரையும் பேசும். புல்தரையில் கருகிய பட்டைகள் தென்பட்டால் என்ன பொருள்? சுழல் விசிறியால் ஓடும் விமானம் புல்லைக் கருக்காது. பின்புறமாகச் சூடான வாயுவைப் பீய்ச்சும் பொறி அங்கே இயங்கியிருக்க வேண்டும். வினைக்கு எதிர்வினை என்ற நியூட்டனின் மூன்றாம் விதி புல்லின் மேல் எழுதிய கையெழுத்து அது.

சின்னஞ்சிறு சிலுவை

அதே ஆண்டு நவம்பரில் அவருக்கு ஒரு புதிய பணி வந்தது. ஆளில்லாமல் பறக்கும் ஆயுதம் ஒன்றை ஜெர்மானியர் உருவாக்குவதாக உளவுச் செய்திகள் வந்திருந்தன. போர் விமானத்தைவிட மிகச் சிறிய விமானம் ஏதேனும் உண்டா என்று தேடும்படி பணித்தனர். அவர் புதிய படங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே பார்த்து முடித்த பீனமுண்டப் படங்களை மீண்டும் எடுத்தார். ஒரு கட்டடத்தின் அருகே மங்கலான வெள்ளைச் சிலுவை போன்ற உருவம் ஒன்று இருந்தது. வீச்சு சுமார் 20 அடி. மேற்சொன்ன அளவுத் திட்டத்தில் இது 0.6 மில்லிமீட்டர்தான்! "பீனமுண்ட 20" என்று பெயரிட்டார்.

கடற்கரையோரத்தில் சில சாய்தளங்களும் அவர் கண்ணில் பட்டன. அவை கடல் மண்ணைத் தூர்வாரும் சாதனங்கள் என்று பிற ஆய்வாளர்கள் முன்பே முடிவு கட்டியிருந்தார்கள். அவருக்கு அது திருப்தி அளிக்கவில்லை. நவம்பர் 28 அன்று ஒரு மஸ்கீட்டோ விமானம் எடுத்து வந்த படம் விடை சொன்னது. ஒரு சாய்தளத்தின் மேல் அந்தச் சிறு விமானம் ஏறி நின்றது!

சாய்தளம் எதற்கு? இறக்கையின் தூக்கு விசை, இறக்கையின் பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வி-1 என்று பின்னர் பெயர் பெற்ற அந்தப் பறக்கும் குண்டின் எடை 2 டன்னுக்கு மேல். இறக்கைகளோ மிகக் குட்டை. எனவே மிகுந்த வேகமிருந்தால்தான் அது காற்றில் நிற்கும். அதன் துடிப்பு ஜெட் பொறியால் நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்தை எட்ட முடியாது. ஆகவே, கவணிலிருந்து கல்லை எறிவதுபோல், சாய்தளத்திலிருந்து உந்தி எறிய வேண்டியிருந்தது.

இந்த விடை இன்னொரு பூட்டையும் திறந்தது. வட பிரான்சில் ஒரு முனை வளைந்த நீண்ட கட்டடங்கள் பல தோன்றியிருந்தன. பனிச்சறுக்குக் கட்டை போல இருந்ததால் அவற்றை "ஸ்கீ தளங்கள்" என்று அழைத்தனர். அவ்விடங்களில் இலண்டனை நோக்கிய சாய்தள அடித்தளங்களும் இருந்தன. இப்போது அவற்றின் நோக்கம் விளங்கிவிட்டது. 90-க்கும் மேற்பட்ட தளங்கள் கண்டறியப்பட்டன. டிசம்பர் முதல் அவற்றின்மீது கடும் குண்டுவீச்சு நடந்தது.

இதனால் ஆபத்து முற்றிலும் நீங்கிவிட்டதா? இல்லை. ஜெர்மானியர் எளிதில் மறைக்கக்கூடிய தளங்களைப் புதிதாக அமைத்தனர். 1944 ஜூன் 13 அன்று முதல் வி-1 குண்டுகள் இங்கிலாந்தில் விழுந்தன. அவற்றால் அந்நாட்டில் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும், குளிர்காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டிய தாக்குதல் பல மாதங்கள் தள்ளிப் போயிற்று. எதிர்ப்பு ஏற்பாடுகளைச் செய்ய அவகாசம் கிடைத்தது. தாக்குதல் தொடங்கியபோது, நார்மண்டியில் நேசநாட்டுப் படைகள் கரையிறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

கண்ணும் கருத்தும்

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1942 மே மாதத்திலேயே பீனமுண்ட படம் எடுக்கப்பட்டிருந்தது. அதில் தெரிந்த வட்ட வடிவ மண்கரைகள் எதற்கு என்று எவருக்கும் விளங்கவில்லை. படம் கோப்புக்குள் போயிற்று. வெள்ளைச் சிலுவையும் அப்படித்தான். கண்ணுக்குப் பட்டது; கருத்துக்குப் படவில்லை. "மிகச் சிறிய விமானம் ஏதேனும் உண்டா?" என்ற கேள்வி பிறந்த பிறகே அது விமானமாயிற்று. சாய்தளமோ, "தூர்வாரும் சாதனம்" என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டதாலேயே யாராலும் அளந்து பார்க்கப்படாமல் கிடந்தது.

இன்று விண்கோள் எடுத்த படங்கள் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஏதேனும் ஒரு விமான நிலையத்தைத் தேடி, அங்கு நிற்கும் ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் அளவுகோலைக் கொண்டு இறக்கை வீச்சையும் நீளத்தையும் கணக்கிடுங்கள். பொறிகள் எத்தனை, இறக்கை பின்னோக்கிச் சாய்ந்துள்ளதா, நிழலில் வால் எப்படித் தெரிகிறது என்றெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் அளந்து எழுதுங்கள்; பெயரைப் பிறகு சொல்லலாம்.