ஐரோப்பியக் கலை வரலாற்றுக் கல்வியும் தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களும்

ஐரோப்பியக் கலை வரலாற்றுக் கல்விக்கான அருங்காட்சியக வளங்கள் என்பன ஐரோப்பிய ஓவியம், சிற்பம், அச்சுப்படம், நாணயம், கட்டடக்கலை ஆகியவற்றின் வரலாற்றைக் கற்பிப்பதற்கு உதவும் மூலப் பொருட்கள், படிகள், எண்மப் படிமங்கள், விளக்கக் கையேடுகள் முதலியவற்றைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இத்தகைய வளங்கள் ஒரே இடத்தில் திரட்டப்பட்டிருக்கவில்லை. சென்னை, தஞ்சாவூர், தரங்கம்பாடி ஆகிய ஊர்களின் அருங்காட்சியகங்களிலும், நூலகத்திலும், தேவாலயங்களிலும், பொது இடங்களிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை குடியேற்றவாத ஆட்சிக் காலத்தில் இங்கு வந்தவை. ஆகவே இவற்றைக் கற்பது ஐரோப்பாவின் கலையை மட்டுமன்றித் தமிழகத்தின் வரலாற்றையும் கற்பதாக அமைகிறது.

தேவை

பாடநூல்களில் அச்சிடப்படும் சிறு படங்களின் வழியாகவே பெரும்பாலான மாணவர்கள் ஐரோப்பிய ஓவியங்களை அறிகின்றனர். படத்தில் ஓவியத்தின் பொருள் தெரியும். ஆனால் அதன் அளவு, வண்ணப் பூச்சின் தடிப்பு, தூரிகையின் போக்கு ஆகியவை தெரிவதில்லை. எடுத்துக்காட்டாக, ரெம்பிரான்ட் 1642இல் வரைந்த "இரவுக் காவல்" ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரமும் 4.5 மீட்டர் அகலமும் உடையது. உள்ளங்கை அளவுப் படமாக அதைக் காணும் மாணவர், அதிலுள்ள மாந்தர் ஏறக்குறைய இயல்பான உருவளவில் நிற்பதை உணர இயலாது. சிற்பத்தைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பெரிது. ஒரே கோணத்தில் எடுக்கப்பட்ட ஒளிப்படம், சுற்றிவந்து பார்க்க வேண்டிய ஒரு பொருளைத் தட்டையாக்கி விடுகிறது. எனவே ஒரு சில மூலப் பொருட்களையேனும் நேரில் காண்பது கலை வரலாற்றுக் கல்வியின் அடிப்படையாகக் கருதப்படுகிறது.

வரலாறு

மருத்துவரான அலெக்சாண்டர் அண்டர் 1850இல் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசு பொறுப்பேற்ற இப்பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி ஆகும். 1851இல் சென்னை அரசு அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. அக்காலக் கலைப்பள்ளிகளில் கிரேக்க, உரோமைச் சிலைகளின் சாந்து வார்ப்புகளைப் பார்த்து வரைவது முக்கியமான பயிற்சியாக இருந்தது. மூலச் சிலைகளைக் காண வாய்ப்பில்லாத மாணவர்களுக்கு வார்ப்புகளே அருங்காட்சியகமாகப் பயன்பட்டன.

இம்முறை எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. 1884 முதல் சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பிலிருந்த ஈ. பி. ஆவெல், 1896இல் கொல்கத்தா கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றார். இந்திய மாணவர்கள் இந்தியக் கலை மரபிலிருந்தே பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பது அவரது கொள்கை. அதன்படி அங்கிருந்த ஐரோப்பிய ஓவியங்களையும் வார்ப்புகளையும் அகற்றி, இந்தியக் கலைப் பொருட்களைச் சேர்க்க முற்பட்டார். ஐரோப்பியப் பயிற்சி மறுக்கப்படுவதாகக் கருதிய மாணவர்களில் ஒரு பகுதியினர் இதனை எதிர்த்தனர். யாருடைய கலையை, எதற்காகக் கற்பிப்பது என்னும் இவ்வினா இன்றும் பாடத்திட்டங்களில் தொடர்கிறது.

முக்கிய வளங்கள்

சென்னைக் கோட்டை அருங்காட்சியகம்

புனித ஜார்ஜ் கோட்டையினுள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்ட கட்டடத்தில் இது அமைந்துள்ளது. 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியத் தொல்லியல் ஆய்வகம் இதனைப் பராமரிக்கிறது. இங்குள்ள உருவப்படக் கூடத்தில் அரச குடும்பத்தினர், ஆளுநர்கள், படைத்தலைவர்கள் ஆகியோரின் பெரிய தைலவண்ண ஓவியங்கள் உள்ளன. தாமசு பாங்க்சு செதுக்கிய கார்ன்வாலிசின் பளிங்குச் சிலையும் இங்கு உண்டு. 1792இல் திப்பு சுல்தானின் மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்பட்ட நிகழ்ச்சி அதன் பீடத்தில் புடைப்புச் சிற்பமாகக் காட்டப்பட்டுள்ளது. ஐரோப்பியப் புதுச்செந்நெறிச் சிற்பப் பாணி, தென்னிந்தியப் போர் ஒன்றை வென்றவரின் பார்வையில் எவ்வாறு சித்திரிக்கிறது என்பதை விளக்க இது பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும்.

சென்னை அரசு அருங்காட்சியகம்

எழும்பூரில் உள்ள இவ்வருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பில் தென்னிந்தியாவில் கிடைத்த உரோமானிய நாணயங்கள் இடம்பெற்றுள்ளன. தென்னிந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் வகைகளுள் ஒன்று, அகசுத்தசு தன் பெயரர்களான காயசு, லூசியசு ஆகியோரின் உருவங்களுடன் வெளியிட்ட வெள்ளி நாணயம். அது வெளியிடப்பட்டபோது பேரரசர் அறுபது வயதைக் கடந்திருந்தார். ஆனால் நாணயத்தில் அவர் இளைஞராகவே காணப்படுகிறார். ஆட்சியாளரின் உருவம் உண்மைத் தோற்றமா, விரும்பிய தோற்றமா என்னும் கேள்வியை இச்சிறு நாணயம் ஒன்றைக் கொண்டே வகுப்பில் எழுப்பலாம்.

இவ்வளாகத்தில் இராசா இரவி வர்மாவின் (1848–1906) ஓவியங்களும் உள்ளன. ஐரோப்பியத் தைலவண்ண உத்தியும் இயலுருத் தோற்ற முறையும் இந்தியத் தொன்மக் கதைகளுக்குப் பயன்படுத்தப்பட்ட விதத்தை அவற்றில் காணலாம்.

தஞ்சாவூர்

மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி (ஆட்சிக்காலம் 1798–1832) ஐரோப்பிய நூல்களையும் அச்சுப்படங்களையும் திரட்டினார். இன்று சரசுவதி மகால் நூலகத்தில் உள்ள அத்தொகுப்பில், பிரெஞ்சு ஓவியர் சார்லசு லெ புரூனின் (1619–1690) முகவியல் படங்கள் அடங்கும். மனித முகங்களை விலங்கு முகங்களுடன் ஒப்பிடும் இப்படங்கள், மெய்ப்பாடுகளை விதிகளாக வகுக்க முயன்ற 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கலைக்கழக மரபை விளக்குகின்றன. நாட்டிய சாத்திரத்தின் மெய்ப்பாட்டு இலக்கணத்தை அறிந்த மாணவருக்கு இங்கே ஒப்பீடு எளிதாகும்.

தஞ்சையிலுள்ள சுவார்ட்சு தேவாலயத்தில் ஜான் பிளாக்சுமனின் பளிங்குப் புடைப்புச் சிற்பம் உள்ளது. இறக்கும் தறுவாயிலிருந்த சமயப் பரப்புநர் சுவார்ட்சை (இறப்பு 1798) சரபோசி காணும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. இதனைச் செய்யப் பணித்தவர் சரபோசியே ஆவார். ஐரோப்பியக் கலையை இந்தியர் ஒருவர் புரவலராக நின்று பெற்றதற்கு இது சான்றாகும்.

பிற இடங்கள்

- தரங்கம்பாடி: 1620இல் கட்டப்பட்ட டேனியக் கோட்டையும் அதிலுள்ள அருங்காட்சியகமும்.
- சென்னைத் தீவுத்திடல்: பிரான்சிசு சான்ட்ரி வடித்த தாமசு மன்றோவின் குதிரைமீதமர்ந்த வெண்கலச் சிலை.
- சென்னைக் கடற்கரை: தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை. இவர் சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். இச்சிலையில் பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் தாக்கம் இருப்பதாகக் கருதப்படுகிறது.

தமிழ்நாட்டிற்கு வெளியே ஐதராபாத்தின் சாலார் சங் அருங்காட்சியகம், மும்பையின் சத்ரபதி சிவாசி மகாராசா அருங்காட்சியகம், வடோதரா அருங்காட்சியகம், கொல்கத்தாவின் விக்டோரியா நினைவகம் ஆகியன குறிப்பிடத்தக்க ஐரோப்பியத் தொகுப்புகளைக் கொண்டுள்ளன. 2023 திசம்பரில் மும்பை அருங்காட்சியகம், அயல்நாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து இரவலாகப் பெற்ற எகிப்து, அசிரியா, கிரேக்கம், உரோமைச் சிற்பங்களை இந்தியச் சிற்பங்களுடன் அருகருகே வைத்துக் காட்சிப்படுத்தியது.

எண்ம வளங்கள்

ஆம்சுடர்டாமின் இரைக்சு அருங்காட்சியகம் 2012 முதலும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும், காப்புரிமை நீங்கிய படைப்புகளின் உயர்தரப் படிமங்களைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்த அனுமதித்துள்ளன. பின்னது தொடக்கத்திலேயே 3,75,000இற்கும் மேற்பட்ட படிமங்களை வெளியிட்டது. 2022இல் இரைக்சு அருங்காட்சியகம் வெளியிட்ட "இரவுக் காவல்" படிமம் 71,700 கோடி படவணுக்களைக் கொண்டது. வண்ணப் பூச்சில் விழுந்துள்ள வெடிப்புகளையும் அதில் பெரிதாக்கிக் காணலாம்.

குறைபாடுகள்

தமிழ்நாட்டில் உள்ளவற்றுள் பெரும்பகுதி 18, 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியப் படைப்புகளே. அவற்றை மட்டும் காண்பவர் ஐரோப்பியக் கலை என்றாலே ஆளுநர்களின் உருவப்படம் என எண்ணக்கூடும். மறுமலர்ச்சி, பரோக், உணர்வுப்பதிவுவாதம் ஆகிய காலகட்டங்களுக்கு எண்மப் படிமங்களையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

தொலைவும் ஒரு தடையாகும். சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள கண்ணமங்கலம் போன்ற ஊரின் மாணவர்களுக்கு அண்மையிலுள்ளது வேலூர்க் கோட்டையின் அரசு அருங்காட்சியகம். சென்னைத் தொகுப்புகளைக் காண ஒரு முழுநாள் பயணம் தேவை. எண்மப் படிமங்கள் தொலைவைக் குறைத்தாலும் அவற்றின் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ் வழியில் பயிலும் மாணவருக்குப் படம் கிடைத்தும் பாடம் கிடைக்காத நிலை இது. கலைச்சொற்களும் விளக்கங்களும் தமிழில் உருவாக்கப்படும்போதே இவ்வளங்கள் முழுப் பயன் தரும்.

கற்பித்தல் முறைகள்

- ஒரு பொருளைக் குறைந்தது பத்து நிமிடம் பார்த்து, பெயர்ப்பலகையைப் படிக்கும் முன்னரே கண்டவற்றை எழுதச் செய்தல்.
- ஒரே கருப்பொருளை இரு மரபுகளில் ஒப்பிடல். எடுத்துக்காட்டு: உரோமானிய நாணய உருவமும் சோழர் நாணய உருவமும்.
- படைப்பைச் செய்வித்தவர் யார், வைக்கப்பட்ட இடம் எது, அதில் இடம்பெறாதவர் யார் என வினவுதல்.
- நேரில் கண்ட ஒரு பொருளையும் திரையில் கண்ட ஒரு பொருளையும் வரைந்து, வேறுபாடுகளைக் குறித்தல்.

இவற்றையும் பார்க்க

- சென்னை அரசு அருங்காட்சியகம்
- சரசுவதி மகால் நூலகம்
- இராசா இரவி வர்மா
- மறுமலர்ச்சி ஓவியம்