எத்தனை காலம் இருப்பார்கள்?

ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ (1811) நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கணவன் மனைவி உரையாடல் வருகிறது. மரணப் படுக்கையில் தந்தை கேட்டுக்கொண்டபடி சிற்றன்னைக்கும் அவளுடைய மூன்று பெண்களுக்கும் ஏதேனும் செய்ய வேண்டும் என்று ஜான் டேஷ்வுட் நினைக்கிறான். தங்கைகளுக்கு என்று எண்ணிய 3,000 பவுண்டு மனைவி ஃபேனியின் பேச்சில் 1,500 ஆகக் கரைகிறது. அதைவிட, சிற்றன்னை உயிரோடிருக்கும்வரை ஆண்டுக்கு 100 பவுண்டு கொடுத்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஃபேனி பதறிப்போகிறாள். அந்த அம்மாளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, உடம்பும் திடமாயிருக்கிறது, பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டால் நம் கதி என்ன? தன் அப்பா உயிலில் எழுதிவைத்தபடி மூன்று பழைய வேலைக்காரர்களுக்கு ஆண்டுதோறும் பணம் அளந்து தன் தாய் பட்ட பாட்டையும் எடுத்துச் சொல்கிறாள். முடிவில் தொகை ஏதுமில்லை. பருவத்துக்கு மீனும் வேட்டைக்கறியும் அனுப்பினால் போதும் என்றாகிறது.

ஃபேனியைப் படித்து நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். ஆனால் வயதான பெற்றோருக்கு ஆயுள் ஓய்வூதியத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைகள் உட்காரும் வீடுகளில், அவள் கேட்ட கேள்வியே வாய்விட்டுச் சொல்லப்படாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இவர்கள் எத்தனை காலம் இருப்பார்கள்?

இதற்கு எண்ணால் விடை சொல்ல முயன்றவர்களில் ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் முக்கியமானவர். ஒருவருக்கு ஆயுள் முழுதும் ஜீவனாம்சம் கொடுக்கும்படி உயில் எழுதப்பட்டிருந்தால், அதன் இன்றைய மதிப்பு என்ன? வாரிசுக்குச் சொத்தில் கால் பங்காவது மிஞ்ச வேண்டும் என்று ஃபால்சிடியச் சட்டம் சொன்னதால் இதைக் கணக்கிட வேண்டியிருந்தது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உல்பியன் தந்த அட்டவணையில் இருபது வயதுக்கு உட்பட்டவருக்கு 30 ஆண்டுகள். ஐம்பது முதல் ஐம்பத்தைந்து வரை 9. அறுபது கடந்தவருக்கு, அறுபத்தொன்றானாலும் எண்பதானாலும், 5. பெற்றோரை ஒரு வரியில் இப்படி முடித்துவிட்ட அட்டவணை அது.

இடைக்கால ஐரோப்பாவில் வட்டிக்குக் கடன் கொடுப்பது பாவம். ஆகவே நகரங்கள் கடன் வாங்கவில்லை, ‘வருவாயை’ விற்றன. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுப்பவருக்கு ஆயுள் முடியும்வரை ஆண்டுதோறும் பணம். இது கடனல்ல, கொள்முதல் என்பது வாதம். வேடிக்கை என்னவென்றால் விலை வயதைப் பார்க்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தில் 1,400 கில்டர் கட்டினால் ஆண்டுக்கு 100 கில்டர். மூன்று வயதுக் குழந்தைக்கும் அதே விலை, எழுபது வயதுக் கிழவருக்கும் அதே விலை. பெற்றோர் என்ன செய்வார்கள்? பிள்ளைகளின் பெயரில் வாங்கினார்கள். அன்று பெற்றோர் பிள்ளைகளின் ஆயுளை நம்பிப் பணம் போட்டார்கள் என்பதை, இன்று பெற்றோரின் ஆயுளைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் நாம் நினைத்துப் பார்க்கலாம்.

ஹாலந்தின் தலைமை அரசியல்வாதியும் கணித வல்லுநருமான யோஹான் டி விட் 1671-இல் ஓர் அறிக்கை எழுதி, இளம் உயிருக்கு நியாயமான விலை 14 மடங்கல்ல, 16 மடங்கு என்று நிறுவினார். மறு ஆண்டே, போர்த் தோல்வியின் கொந்தளிப்பில், தி ஹேக் நகரில் கும்பல் ஒன்று அவரையும் அவருடைய சகோதரரையும் அடித்துக் கொன்றது. 1693-இல் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திரத்தின் ஹாலியேதான்) ப்ரெஸ்லாவ் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு முறையான ஆயுள் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். அப்போது ஆங்கில அரசு எந்த வயதினருக்கும் 14 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. இளையவர்களுக்கு இது கொள்ளை லாபம் என்று ஹாலி அந்தக் கட்டுரையிலேயே சுட்டிக்காட்டினார். அரசாங்கம் காது கொடுக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

காது கொடுக்காத இன்னொரு அரசு பிரான்சு. 1770-களில் ஜெனீவா வங்கியாளர்கள் அம்மை கண்டு பிழைத்த, நல்ல குடும்பத்து முப்பது சிறுமிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆயுள்மீது பிரெஞ்சு அரசிடம் ஓய்வூதியம் வாங்கி, அதைப் பங்குகளாகப் பிரித்து விற்றார்கள். சிறுமிகளைத் தேர்ந்ததில் பிழையில்லை. பணம் கொடுக்க வேண்டிய அரசுதான் பிழைக்கவில்லை. புரட்சி வந்தது, காகிதப் பணம் மதிப்பிழந்தது, 1797-இல் பிரான்சு தன் கடனில் மூன்றில் இரண்டு பங்கைக் கைகழுவியது. யார் கொடுக்கிறார்கள், அந்தப் பணத்துக்குப் பிற்பாடு என்ன மதிப்பு என்ற இரண்டையும் வங்கியாளர்கள் கேட்க மறந்திருந்தார்கள்.

இனி நம் மேசைமீது கிடக்கும் படிவம். இந்தியாவில் விற்கப்படும் ஆன்யுட்டி திட்டங்களில் வகைகள் பல இருந்தாலும் தேர்வு மூன்றைச் சுற்றித்தான். ஒருவர் ஆயுள் வரை மட்டும். கணவன் மனைவி இருவரில் கடைசியாக இருப்பவர் வரை. இறப்புக்குப் பின் கட்டிய தொகை வாரிசுக்குத் திரும்புவது. மூன்றாவதை முகவரும் விரும்புகிறார், பிள்ளைகளும் விரும்புகிறார்கள். ‘முதல் அப்படியே இருக்கும்’ என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் அத்தனை மயக்கம்.

முதல் அப்படியே இருக்க வேண்டுமென்றால் பெற்றோருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதன் வட்டி மட்டுமே. வயது ஏற ஏற முதல் வகையின் தொகை கூடிக்கொண்டே போகும். மூன்றாவதில் பெரிதாக மாறாது. எழுபத்தைந்து வயதில் இந்த இடைவெளி மிகப் பெரிது. அதாவது நமக்கு வர வேண்டிய தொகைக்கான விலையை மாதாமாதம் அப்பாவும் அம்மாவும் தங்கள் மருந்திலும் காய்கறியிலும் செலுத்துகிறார்கள். ஃபேனியாவது வெளிப்படையாகப் பேசினாள்.

மறுபக்கமும் உண்டு. அவசரத்துக்குக் கடனோ சரண் தொகையோ பொதுவாக இந்த மூன்றாம் வகையில்தான் கிடைக்கும். அதற்காக முழுப் பணத்தையும் அதில் பூட்டுவதைவிட, ஒரு பகுதியைக் கைக்கெட்டும் வைப்பில் விட்டு, மற்றதை இருவர் ஆயுளுக்கும் குறையாமல் வரும் இரண்டாம் வகையில் போடுவதே சரி என்பது நம் எண்ணம். பெரும்பாலும் மனைவி கணவனைவிட இளையவள். அவனுக்குப் பிறகும் நெடுநாள் இருப்பவள். அப்பா பெயரில் மட்டும் வாங்கிய முதல் வகை அம்மாவை அந்த நாளில் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்க வைத்துவிடும். விலைவாசி ஏறும், மாதத் தொகை ஏறாது. வருமான வரியும் உண்டு. ஆண்டுக்கு 3 சதவீதம் உயரும் வகை தொடக்கத்தில் குறைவாகத் தந்தாலும் அறுபதுகளில் இருப்பவர்களுக்கு யோசிக்கத் தக்கது.

பிரான்சின் ஆர்ல் நகரில் 1965-இல் ஒரு வழக்கறிஞர், தொண்ணூறு வயது ழான் கல்மானின் வீட்டுக்கு மாதம் 2,500 ஃபிராங்க் விலை பேசினார். அவள் காலத்துக்குப் பின் வீடு அவருக்கு. அப்போது அவருக்கு வயது 47. 1995-இல் தன் 77-ஆம் வயதில், வீட்டின் மதிப்பைப் போல் இரு மடங்குக்கு மேல் கொடுத்துவிட்டு, அவர் இறந்துபோனார். ஒப்பந்தப்படி அவருடைய மனைவி தொடர்ந்து கட்டினார். கல்மான் 1997 ஆகஸ்டில், 122 வயதில் காலமானார்.