கழற்றி மாட்டும் கதவு: அலுமினியத் தகட்டின் வரலாறு



நம் அடுப்படியில் இருக்கும் சோற்றுச் சட்டியை நாம் பலர் இன்றும் 'ஈயச் சட்டி' என்றே சொல்கிறோம். உண்மையில் அது ஈயம் அன்று; அலுமினியம். பெயர் மாறிப்போனாலும் பொருள் நமக்கு நெருங்கிய பழக்கம். காலையில் வெட்டுக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்லும் தூக்குச் சட்டியும் பெரும்பாலும் அதுவேதான். இதே உலோகம் ஒரு காலத்தில் அரசர்களின் பொருளாக இருந்தது. பிறகு ஆகாய விமானமாயிற்று. பிறகு தோட்டத்துத் துரைமார் ஓட்டிய வண்டியின் கதவாயிற்று. இன்று பட்டறைகளில் நம் பிள்ளைகள் காரின் உட்புறக் கதவுகளுக்கு அலுமினியத் தகடு வெட்டி, வேண்டும்போது கழற்றி மாட்டும்படி பொருத்துகிறார்கள். அந்தத் தகடு எந்த வழியாக அங்கு வந்து சேர்ந்தது என்பதை இன்று நாம் காண்போம்.

இரும்பையும் செம்பையும் மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அறிவான். அலுமினியமோ நேற்று வந்த பிள்ளை. மண்ணில் அது ஏராளமாக இருக்கிறது. ஆனால் தனியாகக் கிடைப்பதில்லை. 1825ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட் அதைச் சிறிதளவு பிரித்தெடுத்தார். 1827இல் ஜெர்மானியரான வோலர் அம்முறையை மேலும் திருத்தினார். 1854இல் பிரெஞ்சு அறிஞர் தெவில் இன்னும் கூடுதலான அளவில் செய்யும் வழி கண்டார். மூன்றாம் நெப்போலியன் மன்னர் இதில் மிகுந்த ஆர்வம் கொண்டார். அவருடைய விருந்தில் முக்கிய விருந்தினருக்கு அலுமினியக் கரண்டியும், மற்றவர்களுக்குத் தங்கக் கரண்டியும் வைத்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. 1884இல் அமெரிக்கர்கள் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஏறத்தாழ 2.8 கிலோ எடையுள்ள அலுமினியக் கூம்பு ஒன்றை வைத்தார்கள். அந்நாளில் அது அவ்வளவு உயர்ந்த பொருள்.

இந்த நிலையை மாற்றியவர்கள் இரண்டு இளைஞர்கள். 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால் என்பவரும், பிரான்சில் பால் ஹெரூல் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தைச் செலுத்தி அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863இல் பிறந்தவர்கள். இருவரும் 1914இல் மறைந்தார்கள். அவர்கள் கண்ட முறையே இன்றளவும் உலகெங்கும் பயன்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் கார்ல் பேயர் என்பவர் பாக்சைட் என்னும் செம்மண்ணிலிருந்து தூய அலுமினா எடுக்கும் வழியைக் கண்டார். ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினாவும், அதிலிருந்து ஒரு டன் அலுமினியமும் கிடைக்கும். ராஜாவின் விருந்து மேசையில் இருந்த உலோகம் ஏழையின் அடுப்புக்கு வந்த கதை இதுதான். விலையை இறக்கியது அறிவு.

பாக்சைட் நமக்கும் புதியதன்று. ஜொகூர் மாநிலத்தில் அது பல ஆண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டது. பகாங் மாநிலத்தின் குவாந்தான் வட்டாரத்தில் 2014, 2015ஆம் ஆண்டுகளில் அளவின்றித் தோண்டியதால் சாலையும் ஆறும் செந்நிறமாயின; 2016 ஜனவரியில் அரசாங்கம் அதை நிறுத்தி வைத்தது. மலிவான பொருளுக்கும் எங்கோ யாரோ ஒரு விலை கொடுக்கிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இனி நம் ரப்பர் ஆலைக்குள் சற்று நுழைந்து பார்ப்போம். பாலை ஆசிட் கலந்து உறைய வைக்கும் தொட்டியில், பள்ளங்களில் செருகி எடுக்கும் தடுப்புத் தகடுகள் வரிசையாக நிற்கும். பால் உறைந்ததும் தகடுகளை உருவினால், கட்டிகள் ஒரே கனத்தில் தனித்தனியாகக் கிடைக்கும். அந்தத் தகடுகள் அலுமினியத்தால் ஆனவை. ஏன் செம்பில் செய்யவில்லை? செம்பு ரப்பருக்கு நஞ்சு. சிறிதளவு கலந்தாலும் ரப்பர் விரைவில் கெட்டு ஒட்டும். இரும்போ ஆசிட் பட்டால் துருப்பிடித்துக் கறை ஏற்றும். அலுமினியம் அப்படியன்று. காற்றுப் பட்டவுடனே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்று உண்டாகி, உள்ளே இருப்பதைக் காக்கிறது. செருகவும் உருவவும் கூடிய அலுமினியத் தகட்டைக் கையாளும் வேலை, ஆக, காரோட்டிகளுக்கு முன்பே ஆலைத் தொழிலாளர்களுக்குப் பழக்கமானது.

எடையிலும் ஒரு சிறப்பு உண்டு. ஒரே அளவுள்ள இரும்புத் தகட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத் தகட்டின் எடை. ஆனால் தூய அலுமினியம் மிக மென்மையானது. 1906இல் ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் சிறிது கலந்த அலுமினியம், சூடேற்றிக் குளிர்வித்தபின் நாள் செல்லச் செல்ல உறுதியாகிறது என்று கண்டார். அதன் பிறகு ஆகாயக் கப்பல்களும் விமானங்களும் இந்த உலோகத்தால் எழுந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூலையில், பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் பிரபு, வீட்டிலுள்ள அலுமினியச் சட்டி பானைகளைப் போர் விமானம் செய்யத் தந்துதவுமாறு பெண்களைக் கேட்டுக்கொண்டார். அவர்களும் அடுப்பிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து குவித்தார்கள்.

விமானத்தில் ஒரு சிக்கல் இருந்தது. குளிர்நாட்டு வானில் இறக்கையின் முன்விளிம்பில் பனிக்கட்டி படியும். எடை கூடி விமானம் விழுந்துவிடும். அதைத் தடுக்க அமெரிக்காவின் பி. எஃப். குட்ரிச் நிறுவனம் இறக்கையின் விளிம்பில் ரப்பர் உறை ஒன்றைப் பொருத்தியது. அதற்குள் காற்றைச் செலுத்தினால் உறை உப்பும். பனிக்கட்டி உடைந்து சிதறும். ஆனால் அந்த ரப்பரை மெல்லிய தகட்டில் எப்படித் திருகுவது? தகட்டின் பின்னால் கை நுழைய இடமில்லை. மரை பிடிக்க ஆளில்லை. ஆகவே 1930களில் அந்நிறுவனமே, முன்புறமிருந்தே செருகி இறுக்கக்கூடிய, உள்ளே மரை வெட்டிய ஒரு குழாய் ஆணியைச் செய்தது. 'ரிவ்நட்' என்று பெயர். அந்த ஆண்டுகளில் உலக ரப்பரில் பெரும்பங்கை அளித்த நாடு மலாயா. ரப்பரைப் பிடித்துக்கொள்ளப் பிறந்த அந்தச் சிறிய ஆணிதான் இன்று காரின் கதவில் அலுமினியத் தகட்டைக் கழற்றி மாட்டவும் உதவுகிறது.

இனி வண்டிக்கு வருவோம். போர் முடிந்தபோது பிரிட்டனில் எஃகுக்குப் பஞ்சம்; அது பங்கீட்டில் இருந்தது. விமானத்துக்கு என்று செய்த அலுமினியமோ கிடைத்தது. ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் மோரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவில் இருந்த தம் நிலத்தில் ஒரு பழைய போர்க்கால ஜீப்பை ஓட்டி வந்தார். அது தேய்ந்துபோனால் அதற்கு மாற்று ஏது என்று யோசித்தார். 1947இல் மாதிரி வண்டி உருவாயிற்று. 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் 'லேண்ட் ரோவர்' உலகுக்கு அறிமுகமாயிற்று. அடிச்சட்டம் எஃகு, மேலுடம்பு மக்னீசியம் கலந்த 'பர்மப்ரைட்' என்னும் அலுமினியக் கலவை. விலையுயர்ந்த அச்சு இயந்திரங்கள் இல்லாமலே வளைக்கக்கூடிய தட்டையான தகடுகளாக அதை அமைத்தார்கள். முதலில் கதவுகூடத் தனி விலைக்கே கிடைத்தது!

அந்தக் கதவின் அமைப்பு கவனிக்கத்தக்கது. கீழ்ப்பாதி ஒரு துண்டு. சன்னல் உள்ள மேல்பாதி வேறொரு துண்டு. மேல்பாதியைப் பிடித்திருக்கும் மரைகளைக் கழற்றினால் அது கையோடு வந்துவிடும். வெயில் நாட்டில் காற்று வேண்டுமா, கழற்றிவிடலாம். மழைக்காலமா, மாட்டிவிடலாம். அடிபட்டு நெளிந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். பெரிய பட்டறை இல்லாத காட்டிலும் தோட்டத்திலும் ஒரு ஸ்பானர் போதும். அதனால்தான் மண் சாலைகள் நிறைந்த நம் தோட்டங்களுக்கும் அது ஏற்றதாயிற்று.

அவ்வண்டி உலகுக்கு வந்த ஏழு வாரங்களுக்குள், 1948 ஜூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் தொடங்கிற்று. மெல்லிய அலுமினியம் துப்பாக்கிக் குண்டைத் தாங்காது. ஆகவே நிர்வாகிகளின் வண்டிகளில் கனத்த எஃகுத் தகடுகளைப் பொருத்தினார்கள். விடியற்காலையில் வாளியோடு நடந்துபோன பால்வெட்டுத் தொழிலாளிக்கு எந்தத் தகடும் இல்லை. பல தோட்டங்களில் லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலிக்குள் அடைத்தார்கள். 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. வண்டிகளின் எஃகுத் தகட்டைக் கழற்றி எறிய முடிந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நம் குடும்பங்கள் பட்ட அச்சத்தை அப்படிக் கழற்றி எறிய முடியவில்லை. வரலாற்றைப் படிக்கும்போது வண்டிக்குள் இருந்தவரை மட்டுமன்றி, சாலையோரம் நடந்தவரையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

லேண்ட் ரோவரின் கதவு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. அலுமினியத் தோலுக்கு உள்ளே எஃகுச் சட்டம் இருந்தது. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மழைநீர் தங்கினால், அங்கே ஒரு சிறு மின்கலம் போன்ற நிலை உண்டாகும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். துரு இல்லாத உலோகம் என்று நம்பியவர்கள் கதவின் அடிப்பாகம் அரிக்கப்பட்டதைக் கண்டு வியந்தார்கள்.

இன்று கதவுக்குத் தகடு பொருத்தும் இளைஞர்களுக்கு இந்த வரலாறே வழிகாட்டி. முதலில் அட்டையில் அளவு வெட்டிக் கதவில் வைத்துப் பார்க்க வேண்டும். அட்டை வீணானால் காசு போகாது. பிறகு தகட்டை வெட்டி, விளிம்பை அரத்தால் நன்றாகத் தேய்க்க வேண்டும். இல்லையேல் அது கத்தியாகிப் பிள்ளைகளின் கையைக் கிழிக்கும். தகட்டுக்கும் எஃகுக்கும் இடையே வண்ணப் பூச்சோ, ரப்பர் வாசரோ இருக்கட்டும். ரிவ்நட்டைக் கதவுச் சட்டத்தில் இறுக்கித் திருகாணி போட்டால், சன்னல் கண்ணாடி பழுதாகும்போது எளிதாகக் கழற்றலாம். கதவுக்குள் மழைநீர் இறங்கி அடித்துளை வழியாக வெளியேறும்; அத்துளையை அடைக்கக் கூடாது. உட்புறத்து பிளாஸ்டிக் தாளையும் கிழிக்கக் கூடாது. புதிய கார்களின் கதவில் மோதலை உணரும் கருவியோ காற்றுப்பையின் கம்பியோ இருக்கலாம். அவற்றின் மேல் துளைக்கருவியை வைத்தால் உயிருக்கே ஆபத்து. வண்டியில் மாற்றம் செய்யுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

பெற்றோர்களே, 1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, நம்மவர் எத்தனையோ பேர் வேலையும் வீடும் ஒருசேர இழந்தார்கள். மரம் நம்முடையதாக இருக்கவில்லை. லயமும் நம்முடையதாக இருக்கவில்லை. கையில் கற்ற தொழிலை மட்டும் யாரும் பறிக்க முடியாது. பட்டறையில் ஸ்பானர் பிடிக்கும் பிள்ளையைப் 'படிக்காதவன்' என்று நாம் ஒதுக்க வேண்டாம். ஆனால் கை மட்டும் பழகினால் போதாது. ஏன் இந்தத் திருகாணி, ஏன் இந்த வாசர் என்று கேட்கும் அறிவும் வேண்டும். ஹாலும் ஹெரூலும் இருபதைச் சற்றே தாண்டிய வயதில் கேட்ட கேள்விதான் நம் வீட்டுச் சட்டியாக வந்திருக்கிறது. நம் பிள்ளைகளும் கேட்கட்டும்; நாம் பொறுமையோடு பதில் சொல்வோம்.